வலியசாலைச் சாக்கடையில் வெந்நீர்

இந்த உலகத்தில் விறகடுப்பை யாரும் கேள்வி கேட்பதில்லை. அது புகையும். மழைக்காலத்தில் பற்றாது. ஊதி ஊதிப் பெண்களின் கண் சிவக்கும், சுவரெல்லாம் கரியாகும், ஒரு குளியலுக்கு ஒரு கிளையைத் தின்று தீர்க்கும். யாராவது அதன் முன்னால் போய் நின்று, "நீ நேற்றைய நெருப்பா, இன்றைய நெருப்பா?" என்று கேட்டதுண்டா? கேட்க மாட்டார்கள். ஆனால் மொட்டைமாடியில் ஒருத்தன் புகையில்லாமல், கரண்டில்லாமல், தம்பிடி விறகில்லாமல் தண்ணீரைச் சுடவைத்துக் கொடுத்தால் மட்டும் அவனுக்கு ஆயிரம் விசாரணை.

இப்போதெல்லாம் டிவியைத் திறந்தால் கோட்டுப் போட்டவர்கள் வந்து உட்கார்ந்து, பூமி சூடாகிறது, புகையை நிறுத்துங்கள், சூரியனைப் பயன்படுத்துங்கள் என்கிறார்கள். நீங்களும் காபியை ஆற்றிக்கொண்டே மரியாதையாகத் தலையாட்டுகிறீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் நான் இதையேதான் சொன்னேன். என்னிடம் கோட்டு இல்லை, அவ்வளவுதான். அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்கிறேன், கேளுங்கள். சொல்லும்போதே எனக்கு இன்றைக்கும் காது சூடாகிறது.

எனக்கு வள்ளியூர்ப் பக்கம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். (பள்ளிக்கூடமும் என்னைப் பாதியில் விட்டது, யார் முதலில் விட்டார்கள் என்பதில் இன்றும் தகராறு உண்டு.) அதன்பிறகு செங்கல் சூளை, லாரி கிளீனர், பம்பாயில் இட்லி வண்டி, கோவாவில் படகுக்குப் பெயின்ட், மறுபடியும் லாரி. எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலம் தங்கியதில்லை. படுக்கை என்பது அன்றன்றைக்குக் கிடைத்த இடம். பசி வந்தால் தண்ணீர் குடிப்பது, ஜுரம் வந்தால் தூங்குவது. இதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. என் வயதில் அந்தப் பக்கத்துப் பையன்கள் பாதிப்பேர் இப்படித்தான் திரிந்தோம்.

கடைசியில் கிள்ளிப்பாலம் பக்கம் சசிதரன் சாரின் கடையில் வந்து சேர்ந்தேன். சூரிய ஒளியில் தண்ணீர் சுடவைக்கும் தொட்டி விற்கிற கடை. கறுப்புத் தகடு, அதற்குமேல் கண்ணாடி, பின்னால் பஞ்சு வைத்துப் பொதிந்த ஒரு பெரிய உருளை. தகட்டில் வெயில் பட்டால் உள்ளே ஓடும் தண்ணீர் சுட்டு, தானாக மேலே ஏறி உருளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் காலை வரை ஆறாது. பிளாஸ்கில் வைத்த காபி மாதிரி. இதற்கு மேல் இதில் ஒரு ரகசியமும் கிடையாது. ஒரே மாதத்தில் எனக்குப் பொருத்தவும் கழற்றவும் கைவந்துவிட்டது.

கடையில் தகடுகள் வந்த அட்டைப்பெட்டிகளை விரித்துப் போட்டுப் படுத்திருந்தேன். கடைக்குப் பின்னால் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. அதற்கு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே ஒரு பப்பாளி மரம் உண்டு. சசி சார் ஒருநாள் அந்தச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, வலியசாலை கல்யாண மண்டபத்துல ஒரு டாங்க் வைக்கப் போறோம். ஆத்யத்தெ கல்யாணம், முதல் கல்யாணம், நல்லபடி கழிஞ்சா, நீ பெர்மனெண்ட். இந்த ரூம் நினக்கு. குழப்பம் ஆச்சுன்னா... நீ வேற வண்டி பிடிச்சோ."

நீங்கள் சிரிக்கலாம். ஜன்னல் வைத்த அறையில் நான் அதுவரை குடியிருந்ததில்லை. வள்ளியூரில் இருக்கும் அக்கா, "ஒனக்கு ஒரு லெட்டர் போடணும்னா எங்கலே போட? ரோட்டுக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எனக்கு அந்த அறை வேண்டும். அந்த ஒரு கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு உலகத்தில் வேறு கோரிக்கையே இல்லை.

மண்டபத்தைப் பார்த்துக்கொண்டவர் கிட்டு மாமா. அக்ரஹாரத்துக்காரர், ஒல்லி, எப்போதும் தோளில் துண்டு, எப்போதும் முகத்தில் ஒரு கவலை. கவலைக்குக் காரணம் இருந்தது. புதுத் தொட்டி வந்தபின் நடக்கப்போகும் முதல் கல்யாணம் அவருடைய மகளுக்கு. மாப்பிள்ளை வீட்டார் மதுரை. "சம்பந்தி மனுஷாளுக்குக் கார்த்தால வெந்நீரும் காபியும் டயத்துக்கு வந்துட்டா, பாதிக் கல்யாணம் ஆன மாதிரிடா அம்பி. அது தப்பித்துன்னா, மீதிக் கல்யாணம் பேச்சுதான்" என்று என்னிடம் நாலைந்து தரம் சொன்னார்.

"மாமா, நீங்க காபியை மட்டும் பாருங்க. வெந்நீர் என் பொறுப்பு" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன்.

மண்டபத்தின் பின்பக்கம் ஓட்டுச் சாய்ப்பில் வெந்நீருக்கென்றே ஒரு பெரிய செங்கல் அடுப்பு இருந்தது. அதன்மேல் ஓர் ஆளை உட்காரவைத்துக் குளிப்பாட்டக்கூடிய அளவுக்குச் செப்பு அண்டா. நான் அந்த அடுப்பைக் கடப்பாரையால் இடித்தேன். கிட்டு மாமா பதறி, "அது பாட்டுக்கு இருக்கட்டுமேடா" என்றார். "அது இருந்தா ஜனங்களுக்கு இதுமேல நம்பிக்கை வராது மாமா. பழசு போனாத்தான் புதுசுக்கு மதிப்பு" என்றேன். இடித்த செங்கல்லையெல்லாம் மாடிக்குச் சுமந்துபோய், தொட்டி நிற்கும் மேடையைக் கட்டினேன். விறகடுப்பின் தலைமேல் சூரியத் தொட்டியை உட்காரவைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்டாவைக் கொண்டுபோய்ப் பாத்திர அறையில் தள்ளியாயிற்று. அதற்குள் யாரோ தேங்காய் மூட்டைகளைப் போட்டார்கள்.

தை மாதம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை தொட்டியின் குழாயைத் திறந்து கை வைத்தேன்; உடனே எடுத்தேன். அப்படிச் சூடு. அன்று இரவு யாரும் அதைத் தொட்டுவிடக்கூடாது என்று மாடியில் வால்வை அடைத்துவிட்டேன். காலையில் நானே திறப்பேன். எல்லாம் என் கணக்குப்படி.

அந்திக்கு மதுரையிலிருந்து வேன் வந்தது. சந்தனம், பன்னீர், கல்கண்டு. மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் இறங்கினார். எல்லோரும் ஜானகி மாமி என்றார்கள். அந்தக் குடும்பத்தில் தாலியைத் தவிர மீதி எல்லாவற்றுக்கும் அவர்தான் அதிகாரி என்பது நடையிலேயே தெரிந்தது. நேராகப் பின்பக்கம் போனார். சாய்ப்பைப் பார்த்தார். அடுப்பு இருந்த இடத்தில் நான் கூட்டிவைத்த சுத்தமான தரை.

"ஏம்பா, வெந்நீர் அடுப்பு எங்கே?"

சாதாரண மனிதன், "வந்துரும் மாமி, காலையில ரெடியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பான். நான் மார்பை நிமிர்த்தினேன்.

"அடுப்பே வேண்டாம் மாமி! மேலே தொட்டி இருக்கு. பகல் பூரா வெயில் குடிச்சு வெச்சிருக்கு. காலையில குழாயைத் திறந்தா கொதிக்கக் கொதிக்க வரும். புகை கிடையாது, கரி கிடையாது."

"இன்னிக்குச் சுட்டது நாளைக்கா வரும்?"

"நாளைக்கென்ன, ரெண்டு நாள் கிடந்தாலும் ஆறாது! இப்ப உள்ளே இருக்கிறதுல பாதி முந்தாநாள் தண்ணியாக்கும்."

"முந்தாநாள் ஜலம்" என்றார் மாமி, மெதுவாக.

"ஆமா மாமி! கை வெச்சா பொத்துப் போயிரும்."

"மாப்பிள்ளை மங்கள ஸ்நானத்துக்கும் அதான் வருமோ?"

"அவருக்குத்தான் முதல்ல!"

மாமி தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். விஞ்ஞானத்தைக் கண்டு வாயடைத்துப் போய்விட்டார் என்று நான் நினைத்தேன். கூடுதலாக அந்தப் பஞ்சு எப்படிச் சூட்டைப் பிடித்துவைக்கிறது என்று வேறு விளக்கினேன்.

நான் வளர்ந்த இடங்களில் தண்ணீருக்கு வயது கேட்கிற வழக்கமில்லை. வந்தால் தண்ணீர், வராவிட்டால் தாகம். அந்த வீடுகளில் அப்படியில்லை. நேற்றுப் பிடித்த தண்ணீர் இன்றைக்குச் செடிக்குத்தான் போகும். விடிந்ததும் குடத்தைக் கவிழ்த்து, அலம்பி, புதிதாகப் பிடிப்பார்கள். சாதாரண நாளிலேயே இப்படி. கல்யாணத்தன்று மாப்பிள்ளை தலையில் முந்தாநாள் தண்ணீரை ஊற்றப்போகிறேன் என்று, பல்லைக் காட்டிக்கொண்டு, சம்பந்தி அத்தையிடமே நான் சொல்லியிருக்கிறேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் கேட்கிறேன், எட்டாம் வகுப்புப் பாடத்தில் இது உண்டா?

மறுநாள். இருட்டு இன்னும் பிரியவில்லை. மாடியில் தொட்டிக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தவன் எழுந்து வால்வைத் திறந்தேன். கீழே குழாயில் விரலை வைத்துப் பார்த்தேன். சுட்டது. 'அறை கிடைத்தது' என்று சொல்லிக்கொண்டேன். பப்பாளி மரம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு டீ குடிக்கலாம் என்று தெருக்கோடிக்குப் போனேன். இன்னொரு டீயும் குடித்தேன். பெர்மனெண்ட் ஆகப்போகிறவன் இரண்டு டீ குடிக்கக் கூடாதா?

திரும்பி வரும்போது தெருவே ஒரு மாதிரி இருந்தது. வீட்டு வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாக்கடையில் ஆவி பறந்தது. மண்டபத்து வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் சாக்கடையோரமாக வெள்ளையாக ஆவி. இரண்டு தெருநாய்கள் அதன் கரையில் வயிற்றைக் காட்டிச் சுகமாகப் படுத்திருந்தன. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாமா நின்று, "என்னடா இது, ஓடைக்கு ஜுரமா?" என்று கேட்டார்.

மண்டபத்துக்குள் ஓடினேன்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு விட்டிருந்த அத்தனை அறையிலும் அத்தனை குழாயும் முழுசாகத் திறந்து கிடந்தன. ஒவ்வொரு குளியலறை வாசலிலும் ஒரு பெண்மணி காவல். நடுவில் ஜானகி மாமி, ஒரு சேனாதிபதி மாதிரி.

"மாமி! மாமி! என்ன பண்ணுறீங்க!"

"பதறாதே. பழசெல்லாம் போயிடுத்து" என்றார் திருப்தியாக. குழாயின் கீழே கையை நீட்டினார். "பாரு, இப்ப புது ஜலமா, சுத்தமா வரது. கொஞ்சம் குளிர்றது. நீ மேலே போய் உன் சூரியனை மூட்டு."

மணி ஐந்துகூட ஆகவில்லை. சூரியனை மூட்ட வேண்டுமாம்.

"மாமி, அந்தத் தண்ணிதான் வெந்நீர்! அதைக் கொட்டிட்டா வேற இல்லை!"

"ஏன் இல்லை? அதான் ஓயாம வந்துண்டே இருக்கே."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, குழாய் 'ஃபூ' என்று ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. சூரியத் தொட்டிக்குத் தண்ணீர் விடும் மாடிச் சிமென்ட் தொட்டியும் காலி. வெந்நீரும் போச்சு, பச்சைத் தண்ணீரும் போச்சு. கல்யாண மண்டபம் முழுக்க விழித்துக்கொண்ட ஜனம், கையில் பல்பொடியோடு.

கிட்டு மாமா வந்தார். நான் மோட்டாரைப் போட ஓடிக்கொண்டிருந்தேன். என்னைப் பிடித்து நிறுத்தி, "அம்பி, வெந்நீர்?" என்றார்.

"மாமா, இருந்துச்சு. நான் தொட்டுப் பார்த்தேன். சத்தியமா இருந்துச்சு."

"இருந்துதுன்னா?"

"சாக்கடையில போய்க்கிட்டிருக்கு."

அவர் என்னைத் திட்டவில்லை. துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு அடுப்பு இருந்த சாய்ப்பைப் பார்த்தார். அங்கே நான் கூட்டி வைத்த சுத்தமான தரை. அந்தப் பார்வைக்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

சமையலறைக்கு ஓடினோம். தலைமைச் சமையல்காரர் வைத்தா அண்ணா மூன்று கேஸ் அடுப்பின் நடுவில் நின்றிருந்தார். ஒன்றில் இட்லி, ஒன்றில் சாம்பார், ஒன்றில் காபிக்கு வெந்நீர்.

"ஒரு அண்டா வெந்நீர் வேணும், வைத்தா" என்றார் கிட்டு மாமா.

"இதுல எதை இறக்கணும்னு சொல்லுங்கோ, இறக்கறேன்" என்றார் அவர் கரண்டியை ஆட்டிக்கொண்டே. "இட்லியா, சாம்பாரா, காபியா? ஆனா சம்பந்திகிட்டே போய்ச் சொல்றது நானில்லை. இதோ, இந்தச் சூரிய பகவான் போய்ச் சொல்லட்டும்."

காபி வெந்நீர் இறங்கியது. பக்கெட் பக்கெட்டாகச் சுமந்து மாப்பிள்ளையின் அறைக்குக் கொண்டுபோனோம். அறை காலி. தேடினால், மாப்பிள்ளை கிணற்றடியில் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறார்! நாலு வாளி இறைத்து ஊற்றிக்கொண்டு குளித்தே முடித்துவிட்டார்.

"எனக்கு வெந்நீரே ஒத்துக்காது சார். ஜலதோஷம் பிடிச்சுரும்" என்றார் என்னிடம், மன்னிப்புக் கேட்கிற குரலில். நல்ல பையன். ஆனால் இதை முந்தின நாள் சாயங்காலம் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் அவர் குடும்பம் என் குடியைக் கெடுத்திருக்குமா?

அந்த வெந்நீரில் ஜானகி மாமி குளித்தார். புது ஜலம் அல்லவா.

காபி தாமதமானது. காபி வராத சம்பந்திக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் லாரிகளில் போலீசைப் பார்த்திருக்கிறேன், பம்பாயில் ரவுடிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடமெல்லாம் பேசித் தப்பிக்கலாம். இவர்கள் கத்தவில்லை. வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டு மாமா ஒவ்வொருவர் முன்னாலும் கைகூப்பிக்கொண்டு போனார். எல்லோரும் அவரைப் பார்த்துவிட்டு, அவர் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்கள். தண்ணீரைத் திறந்துவிட்டவர்களை ஒருவரும் பார்க்கவில்லை. இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்வது?

தாலி கட்டினார்கள். அட்சதை விழுந்தது. ஆறு மணிக்கே வந்து நின்ற சசி சார் ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டு, என்னைப் பார்த்ததும் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன் அல்லவா? தை மாத வெயில் அதன் வேலையைச் செய்தது. மேகமில்லாத வானம், புதுத் தகடு, என் கையால் பொருத்தியது. பந்தி முடிந்து மாப்பிள்ளையின் மாமா முதல் ஆளாகக் கைகழுவப் போனார். பாயசக் கையை நீட்டிக் குழாயைத் திருகினார்.

அவர் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் எழுந்துவிட்டார்.

ஒருவர் பின் ஒருவராக அத்தனை பேரும் கையை உதறிக்கொண்டு துள்ளினார்கள். உச்சிவெயிலில், பட்டு வேட்டியில் வியர்த்து வழிந்துகொண்டு நின்றவர்களுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். கை கழுவும் இடத்துக்கும் அதே குழாயை இழுத்துவிட்டது நான்தான். (குளிர்காலத்தில் வயதானவர்களுக்கு இதமாக இருக்குமே என்று. நல்லது நினைத்தால் இதுதான்.)

ஜானகி மாமி வந்தார். குழாயிலிருந்து ஆவி வருவதைப் பார்த்தார். சபைக்குக் கேட்கும்படி சொன்னார்:

"பார்த்தேளா? இன்னிக்குப் பிடிச்ச ஜலம் இன்னிக்கே என்னமாச் சுடறது! இதைக் கார்த்தாலேயே குடுத்திருந்தா என்ன கேடு? மாடி வரைக்கும் ஏறிண்டு முந்தாநாள் ஜலத்தைக் கட்டி வெச்சுண்டிருக்கான்."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் வாயைத் திறந்தேன். சசி சார் தூணிலிருந்து பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்து அழுத்தினார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் வாயை மூடினேன்.

கல்யாணக் கூட்டம் கலைந்த மறுநாள் கிட்டு மாமா என்னைக் கூப்பிட்டு, "அடுப்பைக் கட்டிக் குடுத்துடு" என்றார். பழைய செங்கல் தொட்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது. புதுச் செங்கல் சுமந்து வந்து, நானே மண் குழைத்து, நானே கட்டினேன். சூரியனை விற்க வந்தவன் விறகடுப்புக் கட்டுகிறேன். தெருவில் போகிற ஒவ்வொருத்தரும் ஒருநிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் கிட்டு மாமா தொட்டியைக் கழற்றச் சொல்லவில்லை. அவருக்கென்று ஒரு தீர்ப்பு வைத்திருந்தார். அதன்பிறகு அந்த மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு நெருப்பு, பெண் வீட்டுக்கு வெயில். பெண் வீட்டார் தண்ணீரின் வயதைக் கேட்கிற நிலைமையில் என்றைக்கு இருந்தார்கள்?

தொட்டி நின்றதால் சசி சாரும் நின்றார். அன்று மாலை கடையில் உட்காரவைத்துப் பேசினார்.

"தம்பி, நின்டெ கைக்கு ஒரு குற்றமும் இல்ல. டாங்க் சூப்பர். வாய்தான் குழப்பம். நீ சும்மா இருந்திருந்தா அந்த அம்மா சும்மா குளிச்சுப் போயிருக்கும்." சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நீ பெர்மனெண்ட். பக்ஷே ஒரு கண்டிஷன். இனி எந்த வீட்டுக்குப் போனாலும் நீ வர்த்தமானம் பறையக் கூடாது. ஒரு வார்த்தைகூட." (பக்ஷே என்றால் மலையாளத்தில் ஆனால், வர்த்தமானம் என்றால் பேச்சு.)

நான் விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாள் ஒரு வீட்டுக்குப் போனதும் அந்த வீட்டம்மாவிடம் என்னைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, "பாவம், ஊமையாக்கும். பக்ஷே நல்ல பணிக்காரன் கேட்டோ" என்றார்.

கேளுங்கள் இந்தக் கொடுமையை. ஜன்னல் வைத்த அறைக்காக நான் ஊமையானேன். ஊர்முழுக்க மாடி மாடியாக ஏறினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. தெற்கே பார்க்க வேண்டிய தகட்டை வடக்கே திருப்பி வை என்று ஒரு ரிட்டயர்டு அதிகாரி அடம்பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு டீச்சரம்மா எனக்குக் காதும் கேட்காது என்று முடிவுகட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேலே வட்டமாக வைத்துக்காட்டி, சூரியன் என்றால் என்ன என்று எனக்கே விளக்கினார். எனக்கு!

ஆனால் ஊமைக்கு விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பேசாதவனை ஜனங்கள் நம்புகிறார்கள். இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

கரமனைப் பக்கம் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. மாடியில் தொட்டி வைத்தோம். அவ்வப்போது நான் போய்க் கண்ணாடியைத் துடைத்து, குழாயைப் பார்த்துவிட்டு வருவேன். அங்கே செல்வி என்று நாகர்கோவில்காரப் பெண் உதவிக்கு இருந்தாள். பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டுவது அவள் பொறுப்பு. துணி உலர்த்த மாடிக்கு வருவாள். நான் வேலை செய்கிற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பாள். மூத்த நர்ஸ் எப்படி முசுடு, தங்கச்சிக்கு எந்த மாப்பிள்ளை பார்க்கிறார்கள், தனக்கு வந்த மாப்பிள்ளையை ஏன் வேண்டாம் என்றாள், மாடியில் வேலை செய்கிற இந்த ஊமை எவ்வளவு லட்சணமாக இருக்கிறான், எல்லாம். பதில் வராது என்கிற தைரியம். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். தேவையில்லாமல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதில் கீறல் விழுந்தது.

ஒருநாள் காலை. இரவு பூராவும் மழை, வெயில் வரும் அறிகுறியே இல்லை. முந்தின நாள் சேர்த்த சூடுதான் தொட்டியில். கீழே மூன்று பிள்ளைகள் புதிதாகப் பிறந்து குளிக்கக் காத்திருந்தன. மாடியெல்லாம் பாசி. செல்வி பாசியைக் கழுவலாம் என்று தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டாள். தரையில் ஆவி கிளம்பியது.

அறை, சாவி, பெர்மனெண்ட், சசி சார், எதுவும் எனக்கு ஞாபகமில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

"குழாயை மூடு!"

துடைப்பம் அவள் கையிலிருந்து விழுந்தது. குழாயை மூடினாள். மூடிவிட்டு மெல்லத் திரும்பினாள்.

"நீங்க பேசுவியளா?"

நான் வேகமாக இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்டினால் யார் நம்புவார்கள்? அதற்குள் கீழே வாட்ச்மேன் கேட்டுவிட்டார். "ஊமை பேசிட்டான்! ஊமை பேசிட்டான்!" என்று மாடிப்படியில் ஓடிவந்தார். நர்ஸ்கள் வந்தார்கள், பிள்ளை பெற்றவர்களின் தாய்மார்கள் வந்தார்கள். டாக்டரின் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, என்னைக் காரில் ஏற்றி நேராகப் பழவங்காடிப் பிள்ளையாரிடம் கொண்டுபோனார். எனக்காக வரிசையாகத் தேங்காய் உடைத்தார். சசி சாருக்கு ஆள் போய், அவரும் வந்து கைகூப்பிக்கொண்டு நின்றார். சிதறிய ஒவ்வொரு தேங்காய்க்கும் என்னை ஒரு முறை முறைத்தார். ஆனால் பிள்ளையார் கொடுத்த பேச்சை இவர் எப்படிப் பிடுங்குவார்? அறையும் தங்கியது, வாயும் திரும்பியது.

செல்விதான் தங்கவில்லை. அத்தனை நாள் அவள் சொன்னதெல்லாம் பதில் சொல்ல வாயுள்ள ஓர் ஆம்பிளையிடம் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அந்த மாடியில் நான் மட்டும் பேசினேன், அவள் ஊமை. சுவரைப் பார்த்துக்கொண்டு துணி உலர்த்துவாள். வலியசாலைக் கதையை முழுசாகச் சொல்லி, நான் ஏன் ஊமையானேன் என்று விளக்கிய அன்றைக்குத்தான் சிரித்தாள். அதுவும் என் பக்கத்து நியாயத்துக்கு இல்லை. ஜானகி மாமி சொன்னது சரிதான் என்று சிரித்தாள்.

அக்கா எங்களுக்குப் போட்ட முதல் கடிதம் அந்த ஜன்னல் வைத்த அறைக்குத்தான் வந்தது.

இப்போதும் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் போதும், சின்னதுகள் செல்வியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "பெரியம்மா, பெரியப்பா ஒங்ககிட்ட முதன்முதலா என்ன சொன்னாங்க?" என்று தெரிந்துகொண்டே கேட்கும். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொல்வாள்:

"குழாயை மூடுன்னாவ. கல்யாணமாகி இன்னிவரைக்கும் வேற ஒண்ணும் சொன்னதில்லை."

எல்லோரும் உருண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று காலை அந்த மூன்று பிள்ளைகளும் கதகதப்பான தண்ணீரில் குளித்தார்களே, அது யாரால் என்று ஒருத்தராவது கேட்கிறார்களா?